வாடாமல்லி நாடா

கன்று நடும்போது எல்லோரும் செய்கிற தவறு, குழியை ஆழமாகத் தோண்டிவிடுவது. ஆழம் கூடிப்போனால் தண்டும் மண்ணுக்குள் போய் அழுகிவிடும். பையில் இருந்தபோது எதுவரை மண் இருந்ததோ, தரையிலும் அதுவரைதான் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான். நாளைக்கு நீங்களும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு அந்தச் சரிவுக்குப் போக வேண்டியிருக்கும், அதனால் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன்.

தங்கையைக் காணவில்லை என்று புகார் கொடுக்க வந்திருக்கிறேன் என்று வாசலில் இருந்தவர் நினைத்துக்கொண்டார். அப்படி இல்லை, ஐயா. அவள் எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் வந்தது ஒரு மரத்தைப் பற்றிச் சொல்ல. தங்கை அதில் வருவாள். எதையும் மறைக்கிற உத்தேசம் இல்லை, நடுவில் குறுக்கிடாமல் கேட்டால் வரிசையாகச் சொல்லிவிடுவேன். தையல்காரிக்கு நூல் அறுந்தால் மறுபடி கோர்க்க நேரமாகும்.

என் கடையின் பின்ஜன்னலைத் திறந்தால் அந்தச் சரிவுதான் தெரியும். ஒரு காலத்தில் அங்கே இந்த மண்ணுக்கே உரிய காடு இருந்ததாம். நான் கடை போட்டபோது இருந்தது உண்ணிச்செடிப் புதர் மட்டும். யாரோ எங்கிருந்தோ அழகுக்குக் கொண்டுவந்து வைத்த செடி. வைத்தவர் போய்ச்சேர்ந்துவிட்டார், செடி போகவில்லை. கொத்துக் கொத்தாகப் பூக்கும். பூவைப் பார்த்து எல்லோரும் மெச்சுவார்கள், அதன் நிழலில் வேறு எதுவும் முளைக்காது என்பதை யாரும் குனிந்து பார்ப்பதில்லை. விருந்தாளியாக வந்து வீட்டையே எழுதி வாங்கிக்கொள்கிற ரகம் அது.

அதை வெட்ட முதல் ஆளாகக் கத்தியை எடுத்துக்கொண்டு இறங்கியவள் நான். இதை எழுதிக்கொள்ளுங்கள், இப்போதெல்லாம் இதை யாரும் சொல்வதில்லை. தையல்காரிக்குக் கழன்றுவிட்டது என்று தெருவில் சிரித்தார்கள். ஒரு வருடம் போல நான் மட்டும்தான். பிறகு பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற ஒருவர் வந்து சேர்ந்தார், அவரை ஓட்டுநர் என்றே கூப்பிடுவோம். அப்புறம் மேல்தெருப் பல் டாக்டரம்மா. அவரைப் பார்த்து மற்றவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் புதர் வெட்டுவோம், வெட்டிய இடத்தில் நாட்டு மரக் கன்றுகள் நடுவோம். கன்றுகளை என் கடைக்குப் பின்னால் ஒரு பந்தல் போட்டு நானே விதையிலிருந்து வளர்த்தேன். எல்லோரும் என்னை அக்கா என்றார்கள். அக்கா சொன்னால் வெட்டுவார்கள், அக்கா சொன்னால் நிறுத்துவார்கள்.

நாடாவும் என் யோசனைதான். கடையில் வெட்டி மிஞ்சிய துணியை விரல் அகலத்துக்குக் கிழித்து ஆளுக்கொரு நிறம் கொடுத்தேன். நட்ட கன்றுக்குப் பக்கத்தில் குச்சி ஊன்றி அவரவர் நிறத்தைக் கட்ட வேண்டும். எது பிழைத்தது, எது போனது, யாருக்கு இன்னும் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பது பார்த்தவுடன் தெரிந்துவிடும். எனக்குக் கருநீலம். ஓட்டுநர் பச்சையைக் கேட்டு வாங்கிக்கொண்டார், வாழ்நாள் முழுக்க சிக்னலில் அதற்காகத்தான் காத்துக்கிடந்தாராம். சிவப்பை மட்டும் யாருக்கும் கொடுக்கவில்லை. சிவப்பு நாடா கட்டியிருந்தால் அங்கே குளவிக்கூடோ பள்ளமோ இருக்கிறது, கால் வைக்காதே என்று அர்த்தம்.

நட்டு முடித்ததும் ஒரு சோதனை உண்டு. கன்றின் அடித்தண்டை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலே இழுத்துப் பார்ப்பது. மண் சரியாக இறுகியிருந்தால் அசையாது. தளர்வாக இருந்தால் லேசாக எழும்பும், மறுபடி மிதித்து இறுக்க வேண்டும். அந்தச் சோதனையை நான் ஒருத்திதான் செய்வேன், வேறு யாரையும் செய்ய விட்டதில்லை. கொஞ்சம் கூடுதலாக இழுத்துவிட்டால் உள்ளே மெல்லிய வேர்கள் அறுந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. தையல் நூலின் இழுப்பைப் பார்த்துப் பழகிய விரலுக்குத்தான் அந்த அளவு பிடிபடும்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். எல்லா நிறத்திலும் என் கருநீலம்தான் அதிகம் வாடும். முறையில் தவறு இல்லை, தண்ணீரில் குறை இல்லை. என்னிடம் கற்றுக்கொண்டவர்கள் நட்டதெல்லாம் தழைக்கும், நான் நட்டது குச்சியாக நிற்கும். அதைப் பற்றி யாரும் வாய் திறக்கமாட்டார்கள். நான் பார்க்காதபோது பட்டுப்போனதைப் பிடுங்கிவிட்டு அதே இடத்தில் வேறொன்றை வைத்து, என் நாடாவைக் கட்டிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும் என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்படியே போயிருக்கலாம்.

தங்கையின் கணவர் இறந்தபோது, என்னோடு வந்து இரு என்று நான்தான் கூப்பிட்டேன். பிள்ளைகுட்டி இல்லை, அவளுக்கு என்னை விட்டால் ஆளில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இருந்தும் என் கட்டிலை அவளுக்குக் கொடுத்துவிட்டு நான் தரையில் படுத்தேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சின்ன வயதில் நாங்கள் இருந்த மாடி வீட்டில் அம்மா ஆளுக்கொரு தொட்டி கொடுத்து விதை போடச் சொன்னாள். தங்கையின் தொட்டியில் ஒரு வாரத்தில் பச்சை. என் தொட்டியில் மண். நான் தினமும் விரலை விட்டு விதை முளைத்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்த்தேன். அம்மா திட்டவில்லை. "உனக்குத் தையல் நல்லா வரும்மா" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் தையல் கற்றேன், நன்றாகவே வந்தது. எந்த ரவிக்கையைத் தைத்து முடித்தாலும் அந்தக் குரல்தான் காதில் கேட்கும்.

தங்கை முதன்முதலில் சரிவுக்கு வந்தது, நான் மறந்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியைக் கொடுக்க. பல் டாக்டரம்மா அவள் கையில் ஒரு கன்றைக் கொடுத்து, "சும்மா நிக்காதீங்க, நீங்களும் ஒண்ணு வச்சுட்டுப் போங்க" என்றார். அளவு பார்க்கவில்லை, பக்கம் பார்க்கவில்லை. கையாலேயே குழி பறித்து வைத்தாள். வைத்துவிட்டு அதனிடம், "இங்க இருக்கியா? சரி, இரு" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்தக் கன்று அடுத்த ஞாயிறே துளிர்த்திருந்தது.

அதற்குப் பிறகு அவள் ஒரு ஞாயிறும் தவறவில்லை. தனக்கு நிறம் வேண்டும் என்றபோது கடையின் துணிமூட்டையைக் கிளறி வாடாமல்லி நிறத்தை எடுத்தாள். எனக்கு ஒரு ரவிக்கை தைத்துக்கொள்ள எடுத்துவைத்திருந்த துணி அது. "கிழிச்சுக்கட்டுமாக்கா?" என்று கேட்டாள். கேட்டாளே என்று கொடுத்தேன். கொஞ்ச நாளில் சரிவு முழுக்க வாடாமல்லி. ஒன்றுகூட வாடவில்லை. கடையின் பின்ஜன்னலைத் திறந்தால் அந்த நிறம்தான் கண்ணில் அறையும், ஜன்னலைச் சாத்தியே தைக்கப் பழகிக்கொண்டேன்.

"சின்னக்காவுக்குக் கைராசிங்க" என்று முதலில் சொன்னது ஓட்டுநர்தான். அவள் சின்னக்கா ஆனதும் நான் பெரியக்கா ஆகிவிட்டேன். அதுவரை நான் அக்கா, அவ்வளவுதான். அடைமொழி தேவைப்படவில்லை. பிறகு ஒவ்வொரு வரிசை தொடங்கும்போதும், "சின்னக்கா கையால மொதக் கன்னு வைக்கட்டும்" என்றார்கள். அவள் வரத் தாமதமானால் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்காக யாரும் எதற்கும் காத்திருந்ததில்லை. எப்போதும் முதலில் வந்து நிற்பவள் நான்தான், காத்திருக்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

எனக்கு வயிறு எரிந்தது. பொறாமை என்று எழுதாதீர்கள், அது வேறு. இது உடம்பில் எரிந்தது, ராத்திரி மோர் குடித்துப் பார்த்தேன். பொறாமைக்காரி அவளுக்குச் சோறு போடுவாளா? ரசத்தில் அவளுக்குப் பிடிக்கும் என்று நான் மிளகைக் கூட்டித்தான் வைத்தேன். சரிவில் ஒரு சமநிலை வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஒரே ஆளின் கன்று மட்டும் பிழைத்தால் மற்றவர்களுக்கு ஊக்கம் போய்விடும் இல்லையா? அதனால் சோதனை செய்யும்போது, வாடாமல்லி நாடா வந்தால் ஒரு நெல் அளவு கூடுதலாக இழுத்தேன். எல்லோர் முன்னாலும்தான் செய்தேன். "நல்லா பிடிச்சிருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

சில நாளில் அவை தலை தொங்கின. அவள் ஒவ்வொன்றின் முன்னாலும் உட்கார்ந்து இலையைத் தடவினாள். "என்ன பண்ணேன்க்கா நான்?" என்று என்னைக் கேட்டாள். தண்ணீர் அதிகமாகியிருக்கும் என்றேன். தண்ணீரைக் குறைத்தாள். அடுத்ததும் வாடியபோது, குறைவாகியிருக்கும் என்றேன். அவள் என்னைச் சந்தேகப்படவே இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. என்னால் எதுவும் முடியும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை பாருங்கள்.

நான் கணக்குப் போட்டது ஒன்று, நடந்தது வேறு. கன்று வாட வாட, அவளைச் சுற்றிக் கூட்டம் கூடியது. பல் டாக்டரம்மா அவள் தோளில் கை போட்டுக்கொண்டார். ஓட்டுநர், "கண்ணு பட்டிருக்கும் சின்னக்கா, வேற ஒண்ணுமில்ல" என்றார். கண் பட்டு எந்தச் செடியும் சாகாது, அதற்கு விரல் வேண்டும். என் கன்றுகள் வருடக்கணக்காகச் செத்தபோது இந்தத் தோள்களும் கைகளும் எங்கே போயிருந்தன என்று நினைத்துக்கொண்டேன். அவர்கள் எனக்குக் கொடுத்ததெல்லாம் பேசாமல் இருந்தது மட்டும்தான்.

ஒருநாள் தங்கையே சொன்னாள், தான் வேறு ஊர் போய் ஏதாவது விடுதியில் வேலை தேடிக்கொள்வதாக. "என் கை பட்டாலே வாடுதுக்கா. உன் காட்டையே கெடுத்துடுவேன் போல" என்றாள். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. உண்மையான கண்ணீர், ஐயா. அன்றே அவளுக்கு ஒரு நல்ல பெட்டி வாங்கிவந்தேன். அவள் உடைகளை நானே மடித்து வைத்தேன், பிரிந்திருந்த ஓரங்களைத் தைத்தும் கொடுத்தேன். விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டியது.

அடுத்த ஞாயிறு எல்லோரும் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முன்னறையில் இடமில்லாமல் வாசற்படிவரை நின்றார்கள். சின்னக்கா போகக்கூடாதாம். தரையில் நடுவதுதானே சரிவரவில்லை, பந்தலைப் பார்த்துக்கொள்ளட்டும், கன்று வளர்க்கட்டும் என்று பேசி முடிவு பண்ணிக்கொண்டு வந்திருந்தார்கள். என் பந்தல். பல் டாக்டரம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கும் வயசாகுது இல்லையா பெரியக்கா, கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. உங்க தங்கச்சிதானே, உங்க பேரைக் காப்பாத்துவாங்க" என்றார். பல்லைப் பிடுங்கும்போதும் அவர் இப்படித்தான் இனிமையாகப் பேசுவார் என்று கேள்வி. தங்கை என் முகத்தைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். பெட்டி கட்டிலுக்கடியில் போனது, பிரிக்கப்படாமல்.

பந்தலில் அவள் போட்ட புங்கவிதை எல்லாம் முளைத்தது. நான் போட்டால் பாதி முளைக்கும். அவள் விதையைப் போட்டுவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள், பாட்டுப் பாடிக்கொண்டே வேறு வேலை பார்ப்பாள். ஒவ்வொரு கன்றுக்கும் முன்னதாகவே சின்னக் குச்சி செருகி வாடாமல்லி நாடாவைக் கட்டிவிட்டாள். கன்று வாங்கிப்போகிறவர்கள் அவரவர் நிறத்தைக் கட்ட வேண்டும் என்பது விதி. அவர்கள் அதை அவிழ்க்கவே இல்லை. "சின்னக்கா ராசி, இருக்கட்டும்" என்று விட்டுவிட்டார்கள். பச்சை போய்விட்டது, மற்ற நிறமெல்லாம் போய்விட்டது. கருநீலம் ஒன்றுதான் மிச்சம்.

கிணற்றைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். சரிவின் கீழ்ப்பக்கம் புதரை வெட்டும்போது ஒரு பழைய பாழுங்கிணறு அகப்பட்டிருந்தது. தண்ணீர் இல்லை, ஆழம் உண்டு. வாயில் பலகை போட்டு, சுற்றிலும் சிவப்பு நாடா கட்டி வைத்திருந்தோம். மழைக்கு முன்னால் வெட்டிய உண்ணிச்செடியையெல்லாம் அதில் தள்ளி, மேலே மண் கொட்டி மூடிவிடுவது என்று கூட்டத்தில் முடிவு. கட்டிட வேலை நடக்கிற இடத்திலிருந்து ஒரு லாரி மண் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். அந்த ஞாயிறு அதற்குத்தான்.

வழக்கம்போல நான் எல்லோருக்கும் முன்னால் போனேன். மூடுகிற வேலைக்குப் பலகையை எடுத்துத்தானே ஆக வேண்டும், எடுத்தேன். சிவப்பு நாடா இனித் தேவைப்படாது, அவிழ்த்துச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டேன். திறந்த கிணற்றைப் பார்த்தால் பயமாக இருக்கும் என்று வெட்டிய புதரை அதன் வாய்மேல் பரப்பினேன். அவ்வளவும் அன்றைய வேலையில் சேர்ந்ததுதான். அன்று நடுவதற்கான கன்றுத்தட்டைத் தூக்கிக்கொண்டு அவள் இறங்கி வந்தாள். நான் எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு சொன்னேன்: "இங்க பாரு, தானா ஒரு கன்னு முளைச்சிருக்கு." யாரும் நடாமல் தானாக முளைக்கிற கன்றுதான் எங்களுக்கு எல்லாவற்றிலும் பெரிய பரிசு. காடு தன் காலில் நிற்கத் தொடங்கிவிட்டது என்று அதற்குப் பொருள். அவள் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நேராக வந்தாள். நான் தள்ளவில்லை. என் வாழ்க்கையில் நான் யாரையும் தள்ளியதில்லை.

"அக்கா, கால் பிசகிடுச்சு. கயிறு எடுத்துட்டு வாக்கா" என்றாள் உள்ளேயிருந்து. அவளுக்குப் பதற்றமே இல்லை, அக்காதான் மேலே இருக்கிறாளே. நான் கயிறு எடுக்கப் போனேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். கருவிகள் வைக்கிற கொட்டகைக்குப் போய், ஆணியில் மாட்டியிருந்த கயிற்றைக் கையில் எடுத்துவிட்டேன். அப்போது ஓட்டுநர் வந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையில் இருந்த கயிற்றைப் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "சின்னக்கா வரலையா?" என்றார்.

நான் கயிற்றை ஆணியில் மாட்டினேன். "அவ விடியறதுக்குள்ள கிளம்பிட்டா. யாருக்கும் சொல்லிக்க வேண்டாம்னுட்டா" என்றேன். அந்த மனிதர் அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கிவிட்டது. அதற்கு முந்தின வருடம் நான் காய்ச்சலில் கிடந்து எழுந்து வந்தபோது இதே ஆள், "என்ன பெரியக்கா, ஒரு வாரமா ஆளைக் காணோம்" என்றார். நான் வராமல் இருந்தது அதைவிடக் கூடுதலான நாட்கள்.

திரும்பிக் கிணற்றடிக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். பதில் வரவில்லை.

பிறகு எல்லோரும் வந்தார்கள். விஷயம் தெரிந்து முகமெல்லாம் தொங்கிப்போனது. கொட்டகை வாசலிலேயே, முதல் கட்டுச் செடியை யார் தள்ளுவது என்ற பேச்சு வந்தது. சின்னக்கா கையால் தள்ள வேண்டும் என்று இருந்தார்களாம். பல் டாக்டரம்மா பெருமூச்சு விட்டு, "சரி, அப்ப பெரியக்காவே போடட்டும்" என்றார். அந்த 'அப்ப' இருக்கிறதே, அதை நான் இன்னும் மறக்கவில்லை. புதர்வெட்டும் இயந்திரத்தை ஓட்டுநரிடம் கொடுத்து, கிணற்றுக்குப் பக்கத்திலேயே நின்று மிச்சப் புதரை வெட்டச் சொன்னேன். அது ஓடினால் பக்கத்தில் இருப்பவர் பேச்சுகூடக் காதில் விழாது. முதல் சில கட்டுகளை நானே தள்ளினேன். அப்புறம் எல்லோரும் கைகொடுத்தார்கள். லாரி மண் வந்தது. மதியத்துக்குள் மூடி மிதித்துச் சமப்படுத்திவிட்டோம். நல்ல ஒற்றுமையான வேலை, அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் மேல் தவறில்லை என்று தனியாக எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியை மட்டும் மண் வருவதற்கு முன்னாலேயே நான் வீட்டிலிருந்து எடுத்துவந்து செடிக்கட்டுக்குள் வைத்துத் தள்ளியிருந்தேன். உங்களுக்கு அடையாளம் பார்க்க அது உதவும்.

அவள் விழுந்தபோது கன்றுத்தட்டு வெளியே சிதறிக் கிடந்தது. ஒரே ஒரு புங்கங்கன்று மட்டும் பையோடு முழுசாக இருந்தது. மண் படிந்ததும் அதைக் கிணறு இருந்த இடத்தில் நட்டேன். குழியை அளவாகத்தான் தோண்டினேன். வாடாமல்லி நாடாவை அவிழ்க்கவில்லை. ஏன் என்று கேட்பீர்கள். நான் நட்டது பிழைக்காதே. வாடினால் அவள் கணக்கில் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

அது வாடவில்லை, ஐயா.

மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்பார்கள். ஊற்றினேன். நான் நட்டதில் இப்படி ஒன்று வளர்ந்து நான் பார்த்ததில்லை. ஒரு மழைக்காலத்தில் இடுப்புக்கு வந்தது, அடுத்த மழையில் என்னைத் தாண்டியது. தினமும் கடையைச் சாத்திவிட்டுப் போய் அதன் பக்கத்தில் நிற்பேன். என் வயிற்றெரிச்சல் நின்றது. எனக்கும் கை இருக்கிறது என்று அம்மாவிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அம்மா இறந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது.

தங்கை எப்படி இருக்கிறாள் என்று கேட்டவர்களுக்கு, ஆரம்பத்தில் போன் பண்ணுகிறாள் என்றேன், பிறகு நம்பரை மாற்றிவிட்டாள் போல என்றேன். மெல்லக் கேட்பதை நிறுத்திவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் அந்த மரத்தைப் பார்த்தார்கள். கிணறு மூடியது அவள் போன அன்றைக்கு. அவர்களில் யாரும் அங்கே நடவில்லை, என் கருநீலமும் அதில் இல்லை. அப்புறம் அதன் மேல் அவள் நாடாவோடு ஒரு மரம் எப்படி வந்தது? ஓட்டுநர் ஒரு கதை கட்டினார்: சின்னக்கா மனசு கேட்காமல் யாருக்கும் தெரியாமல் ஒருநாள் வந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், போன கைராசி திரும்பிவிட்டது. அந்தக் கதை எல்லோருக்கும் பிடித்துப்போனது. என்றைக்காவது மரத்தைப் பார்க்க அவள் வருவாள் என்று அவர் அங்கே போய் உட்காரவும் தொடங்கிவிட்டார்.

நான் சும்மா இருக்கவில்லை. எல்லோர் முன்னாலும், "அதை வச்சது நான்" என்று சொன்னேன். ஓட்டுநர் சிரித்தார். "நீங்களா பெரியக்கா? நீங்க வச்சா..." என்று தொடங்கி நாக்கைக் கடித்துக்கொண்டார். பல் டாக்டரம்மா என் கன்னத்தைத் தட்டி, "தங்கச்சி வந்துபோனதை வெளிய சொல்லக்கூடாதுன்னு உங்ககிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க, அதானே? நாங்க கேக்க மாட்டோம்" என்றார். எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. சொல்லச் சொல்ல, நான் தங்கைமேல் எவ்வளவு பாசம் வைத்திருக்கிறேன் என்று உருகினார்கள்.

இந்த ஞாயிறு அங்கே பெயர்ப்பலகை வைக்கிறார்கள். 'சின்னக்கா மரம்' என்று எழுதியாகிவிட்டது. பலகையை மூடித் திறக்க ஒரு திரை வேண்டும் என்று என்னிடமே துணி கொடுத்துத் தைக்கச் சொன்னார்கள். என்ன நிறம் என்று நான் சொல்லத் தேவையில்லை. தைத்தேன். ஓரம் மடித்து, கொக்கி வைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தேன். அதற்கு மேல் என்னால் முடியவில்லை. அவள் திரும்பி வந்து நட்டிருக்க முடியாது என்று நிரூபிக்க எனக்கு ஒரே ஒரு வழிதான் இருக்கிறது, அதற்காகத்தான் உங்களிடம் வந்தேன். மரத்துக்கு அடியில் இருக்கிறவள் எப்படி மரத்தை நட முடியும்?

மூடும்போது அவளுக்கு உயிர் இருந்ததா என்று கேட்கிறீர்கள். முன்னால் சொன்னதில் ஒன்றைத் திருத்த வேண்டும். நான் போய்க் கூப்பிட்டபோது பதில் வந்தது. "அக்கா, கன்னுத்தட்டு மேலயே விழுந்துடுச்சு. வெயில் ஏறுறதுக்குள்ள நிழல்ல வச்சு தண்ணி காட்டிடு, பாவம்" என்றாள். வைத்தேன். தண்ணீர் காட்டினேன். அவள் கேட்டதில் எதையும் நான் செய்யாமல் விடவில்லை, கயிற்றைத் தவிர.

விதை அவள் போட்டதுதானே என்று உங்கள் மனதில் ஓடுவது எனக்குத் தெரியும். விதையை யாரும் போடலாம், ஐயா. நடுவதுதான் கை. நாளைக்குத் தோண்டும்போது மரத்தை வெட்டிவிடாதீர்கள். சுற்றிலும் அகலமாகத் தோண்டி, வேரோடு மண்ணையும் சேர்த்துச் சாக்கில் கட்டித் தூக்கச் சொல்லுங்கள். அந்த நாடாவை அவிழ்த்துவிடுங்கள், கருநீலம் என் பையில் இருக்கிறது. வேறு இடத்தில் வைப்பதற்கு மட்டும் ஓட்டுநரையோ டாக்டரம்மாவையோ கூப்பிட வேண்டாம், என்னைக் கூட்டிப்போங்கள். நான் நட்டால் பிழைக்கும்.